அவித்த நெல்லின் கணக்கு

விருந்துக்கும் சாமிக்கும் பச்சரிசி, அன்றாடச் சாப்பாட்டுக்குப் புழுங்கலரிசி என்பது தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்குள் ஓர் ஏற்றத்தாழ்வும் உண்டு. புழுங்கலரிசிக்கு நிறம் மட்டு, ஒரு வாடை வேறு, சோறு பருக்கை பருக்கையாகத் தடித்து நிற்கும். உழைக்கிறவன் வயிற்றில் நின்று பசி தாங்கும் என்பதுதான் அதற்குக் கிடைத்த பெரிய பாராட்டு. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து போன தமிழ்த் தொழிலாளர்களின் தட்டில் இருந்ததும் அதே சோறுதான். ஆசியாவையே உலுக்கிய ஒரு நோயின் காரணத்தை மருத்துவ உலகம் தேடியபோது, கிடைத்த முக்கியமான தடயங்களில் அதுவும் ஒன்றாயிற்று.

நோயின் பெயர் பெரிபெரி. முதலில் கால் மரத்துப்போகும். கெண்டைக்கால் சதையை அழுத்தினால் உயிர் போகிற வலி. பிறகு நடை தள்ளாடும், உட்கார்ந்தவன் எழ முடியாது. இது ஒரு வகை. இன்னொரு வகையில் கால் வீங்கி, உடம்பெல்லாம் நீர் கோத்து, இதயம் பெருத்து, மூச்சு முட்டி ஓரிரு நாளிலேயே ஆள் போய்விடுவான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் இந்த நோயில் கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். அதே மண்ணில், அதே மழையில்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர்களும் காடழித்தார்கள், ரப்பர் நட்டார்கள், ரயில் பாதை போட்டார்கள். மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் அவர்கள் செத்த கணக்கு கொஞ்சமல்ல. பெரிபெரி மட்டும் அவர்களிடம் அபூர்வமாக இருந்தது.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் இந்த வேறுபாட்டைப் பல ஆண்டுகள் கூர்ந்து பார்த்தார். சீனர்கள் வாங்கியது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் வாங்கியது அவித்துக் காயவைத்துக் குத்திய புழுங்கலரிசி. கிராமத்து மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லை அன்றாடம் வீட்டிலேயே குத்திக்கொண்டார்கள். அவர்களுக்கும் நோய் அவ்வளவாக இல்லை. 1907இல் அவர் வெளியிட்ட புத்தகம் வெள்ளரிசியைத்தான் குற்றவாளி என்றது. காரணம் சொல்லும்போது மட்டும் அவர் சறுக்கினார். கிடங்கில் கிடந்து நாட்பட்ட வெள்ளரிசியில் ஏதோ நஞ்சு ஊறிவிடுகிறது, நெல்லை அவிக்கும்போது அந்த நஞ்சு ஊற வழியில்லாமல் போகிறது என்பது அவர் முடிவு.

பிராடனின் பேச்சை நம்பாத ஒருவர்தான் அதற்குச் சோதனை வைத்தார். கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தின் மருத்துவர் வில்லியம் ஃபிளெச்சர். 1905இல் அங்கே பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. அவர் செய்தது இது: நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி இடப்பக்கத்திலிருந்து எண்ணினார். ஒற்றைப்படையில் வந்தவர்கள் ஒரு கட்டடத்துக்கு, இரட்டைப்படை இன்னொன்றுக்கு. ஒரு கட்டடத்தில் சயாம் வெள்ளரிசி, மற்றதில் இந்தியப் புழுங்கலரிசி. மற்ற பதார்த்தமெல்லாம் ஒன்றே. கட்டடத்தில்தான் நோய்க்கிருமி ஒட்டியிருக்கிறது என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று, பாதியில் இரு பக்கத்தாரையும் இடம் மாற்றிவிட்டார், அரிசியை மாற்றவில்லை. வெள்ளரிசி தின்ற சுமார் 120 பேரில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பக்கத்தில் ஒருவரும் சாகவில்லை. நோய் முற்றிய சிலரைப் புழுங்கலரிசிக்கு மாற்றியபோது அவர்கள் தேறினார்கள்.

இன்றைய மருத்துவ அறவியல் இதை ஒருநாளும் அனுமதிக்காது. ஒப்புதல் கேட்கப்படாத மனிதர்கள் அவர்கள். கேட்டிருந்தாலும் மறுக்கும் நிலையில் இல்லாதவர்கள். குலுக்கல் முறைச் சோதனைகளின் முன்னோடிகளில் ஒன்று என்று ஃபிளெச்சரின் வரிசையை மருத்துவ வரலாறு பாராட்டுகிறது. அந்தப் 18 பேருக்குப் பெயர் இல்லை. இரண்டையும் ஒருசேரச் சொல்வதுதான் நேர்மை.

ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் அடுத்த அடியை வைத்தார்கள். காட்டுக்குள் புதிதாகச் சாலை போட வந்த 300 ஜாவா தொழிலாளர்களை இரண்டு பிரிவாக்கி அதே சோதனையை நடத்தினார்கள். நோய் வெள்ளரிசியின் பின்னாலேயே போயிற்று. அரிசியை இடம் மாற்றினால் நோயும் இடம் மாறியது. அதற்குப் பிறகு அவர்கள் கோழிகளை வைத்துப் பார்த்ததில் நஞ்சுக் கதையே உடைந்தது. தீட்டும்போது உதிர்கிற தவிட்டை வெள்ளரிசியோடு சேர்த்துக் கொடுத்தால் கோழிக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆக, வெள்ளரிசியில் கெட்டது எதுவும் சேரவில்லை, நல்லது ஒன்று போய்விட்டிருந்தது. 1910இல் மணிலாவில் கூடிய கீழ்த்திசை நாடுகளின் வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய அரிசியே முக்கிய உணவாக இருப்பதுதான் பெரிபெரிக்குக் காரணம் என்று தீர்மானம் போட்டது.

ஜாவாவில் கதை இதற்கும் முன்பே தொடங்கியிருந்தது. படேவியா ராணுவ மருத்துவமனையில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான் பெரிபெரியின் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். பாஸ்டரும் கோக்கும் மருத்துவத்தைப் புரட்டிப்போட்டிருந்த காலம். எந்த நோய்க்கும் ஒரு கிருமி இருந்தே ஆகவேண்டும். ஆய்வுக்கென வளர்த்த கோழிகள் திடீரெனக் கால் துவண்டு விழுந்தன. பிறகு அவை தாமாகவே தேறின. விசாரித்தால், மருத்துவமனைச் சமையற்கட்டில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கொஞ்ச காலம் கோழிக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்தின் அரிசியை ராணுவத்தில் சேராத கோழிக்குத் தரமாட்டேன் என்று நிறுத்திவிட்டார். கோழிகள் மட்ட ரக அரிசிக்குப் போயின, பிழைத்தன. சிவப்புநாடா உயிர் காத்த அபூர்வச் சம்பவம் இது.

எய்க்மானின் நண்பர் ஃபோர்டர்மான் ஜாவாவின் சிறைகளைக் கணக்கெடுத்தார். 101 சிறைகள், ஏறத்தாழ 2,80,000 கைதிகள். தீட்டாத அரிசி போட்ட சிறைகளில் பெரிபெரி கண்டவர் பத்தாயிரத்தில் ஒருவர். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39க்கு ஒருவர். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டும் எய்க்மான் வெள்ளை மாவில் நஞ்சு, தவிட்டில் மாற்று மருந்து என்றுதான் வெகுநாள் நினைத்தார். ஏதோ ஒன்று இல்லாததால் வரும் நோய் என்று திருத்திச் சொன்னவர் அவருக்குப் பின் அந்த ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்ட ஹெரிட் கிரைன்ஸ், 1901இல். 1929இல் நோபல் பரிசை எய்க்மான் இங்கிலாந்தின் ஹாப்கின்ஸோடு பகிர்ந்துகொண்டார். கிரைன்ஸுக்குப் பங்கில்லை.

ஜப்பானில் நடந்தது இன்னும் கொடுமை. கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ 1884இல் ஒரு கப்பலின் உணவை மாற்றி அனுப்பினார். முந்தைய ஆண்டு அதே பாதையில் போன கப்பலில் 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி, 25 சாவு. உணவு மாறிய கப்பலில் சாவே இல்லை. கடற்படை வெள்ளைச் சோற்றோடு பார்லியைக் கலந்து நோயைத் துரத்திவிட்டது. தரைப்படை ஏற்கவில்லை. அதன் மருத்துவத் தலைமையில் இருந்தவர்களில் ஒருவர் மோரி ஓகாய். ஜப்பானிய இலக்கியத்தின் பெரும் எழுத்தாளர், ஜெர்மனியில் கிருமியியல் படித்தவர். தகாகியிடம் தகுந்த விளக்கம் இல்லை என்பது அவருடைய கட்சி. உண்மையில் இல்லைதான், புரதம் போதாததால் வரும் நோய் என்று தகாகி தவறாக நம்பினார். 1904–05 ரஷ்யப் போரில் ஜப்பானியத் தரைப்படையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெரிபெரியில் படுத்தார்கள், 27,000 பேரளவில் இறந்தார்கள். வெள்ளைச் சோறு அந்தப் படைக்கு ஒரு சலுகை. ஊரில் தினை, பார்லி தின்ற ஏழை வீட்டுப் பையனைப் படைக்கு இழுத்த கவர்ச்சிகளில் அதுவும் ஒன்று.

தகாகிக்குக் காரணம் தப்பு, பிராடனுக்குத் தப்பு, எய்க்மானுக்குத் தப்பு. மூவர் காட்டிய தானியமும் சரி. இந்தத் துறையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சரியான விளக்கம் கிடைக்கும்வரை கையில் உள்ள சான்றைத் தள்ளிவைத்தவர்கள்தான் அதிகம் பிணம் எண்ணினார்கள்.

தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் அந்தப் பொருள் தயமின், அதாவது வைட்டமின் பி1. படேவியாவிலேயே யான்சென், டோனாத் என்ற இருவர் 1926இல் மூட்டை மூட்டையாகத் தவிட்டைக் கரைத்து, சிட்டிகைக்கும் குறைவாக அதன் படிகத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1936இல் அதை ஆய்வகத்தில் செயற்கையாக ஆக்கிக் காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்த ஊர் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்; 1886இல், ஒரு பாதிரியார் குடும்பத்தில்.

மாவுச்சத்து உடம்பில் எரிந்து ஆற்றலாகும் பாதையில் ஒரு முக்கியமான படியைத் தாண்டத் தயமின் துணைநொதியாக வேண்டும். அது இல்லையென்றால் பாதி எரிந்த பொருள்கள் தேங்கும். ஓய்வின்றி எரிபொருள் கேட்கும் நரம்பும் இதயமும்தான் முதலில் அடிவாங்கும். சோறு அதிகம் தின்றால் தயமினும் அதிகம் வேண்டும் என்பது இதன் மறுபக்கம். முழு நெல் தன் மாவை எரிப்பதற்கான பொருளைத் தன் தோலிலேயே வைத்திருக்கிறது. தீட்டிய அரிசி எரிக்கச் சொல்லும், எரிக்கத் தேவையானதைக் கொடுக்காது. உடம்பின் மொத்தச் சேமிப்பு 30 மில்லிகிராமைத் தாண்டாது. வரவு நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் கையிருப்பு காலி. பி வகை எட்டும் சி ஒன்றும் தண்ணீரில் கரைபவை. கொழுப்பில் ஒதுங்கி மாதக்கணக்கில் கிடக்கும் ஏ, டி போல அவை தங்குவதில்லை. மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் இருப்பு வைக்கும் பி12 மட்டும் விதிவிலக்கு.

தண்ணீரில் கரையும் அதே குணம்தான் புழுங்கலரிசியின் ரகசியமும். நெல்லைத் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். உமிக்குள் புகுந்த தண்ணீர் தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ள பி வைட்டமின்களைக் கரைக்கிறது. வடித்துவிட்டு ஆவி காட்டும்போது கரைந்தது உள்நோக்கி, மாவுப் பகுதிக்குள் இறங்குகிறது. அதே சூட்டில் மாவு வெந்து பசையாகி, களத்தில் காயும்போது கண்ணாடிபோல் இறுகி, வந்ததை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. பிறகு ஆலையில் போட்டுத் தவிட்டை நீக்கினாலும் சத்தில் பெரும்பகுதி தவிட்டோடு போவதில்லை. அரிசி களைந்து கழுநீரைக் கொட்டும்போது பச்சரிசியின் தயமினில் பாதியளவுகூடப் போய்விடக்கூடும். இறுகிய புழுங்கலரிசி அந்த அளவுக்கு விடுவதில்லை.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பல பதிப்புகளாக வெளியிட்டு, இந்திய மருத்துவர்கள் அரை நூற்றாண்டு நம்பிய அட்டவணையில் நூறு கிராமுக்கு இந்த எண்கள் இருக்கின்றன: ஆலையில் தீட்டிய பச்சரிசியில் தயமின் 0.06 மில்லிகிராம். ஆலையில் தீட்டிய புழுங்கலரிசியில் 0.21. கைக்குத்தல் பச்சரிசியிலும் அதே 0.21. தவிட்டில் 2.7. ஒருவர் நாளைக்கு அரைக்கிலோ அரிசி சாப்பிட்டு, கூட வேறெதுவும் பெரிதாக இல்லாத காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தீட்டிய பச்சரிசி அவருக்கு 0.3 மில்லிகிராம் தரும். பெரிபெரிக்கு வாசல் திறக்கிற அளவு. புழுங்கலரிசி ஒரு மில்லிகிராமைத் தாண்டும். இன்று பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் 1.4ஐ எட்டாவிட்டாலும் நோய்க்கோட்டுக்கு மேலே நிறுத்திவைக்கும். மலாயாத் தோட்டத்துத் தமிழர்களையும் ஈயச் சுரங்கத்துச் சீனர்களையும் பிரித்தது இந்த இடைவெளிதான்.

அப்படியானால் நம் முன்னோர் எல்லாம் தெரிந்துதான் செய்தார்கள் என்று சொல்லிவிடலாமா? வாட்ஸ்அப்பில் தினமும் சொல்கிறார்கள். அவித்த நெல்லின் உமி எளிதில் கழலும், குத்தும்போது அரிசி நொறுங்காது, நொய் குறையும், வண்டு எளிதில் அண்டாது, சோறு குழையாது. உரலில் நின்று குத்துகிறவளுக்கு இத்தனை லாபம் போதும். வைட்டமின் அவள் கணக்கில் இல்லை, இருக்கவும் முடியாது. தெரியாமல் செய்தது என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. எதற்காகச் செய்கிறோம் என்று முழுதாகத் தெரியாமலே ஒரு பழக்கம் உயிர் காக்கும். எதற்காக விடுகிறோம் என்று தெரியாமல் அதை விட்டால் உயிர் போகும்.

அது சென்னை மாகாணத்துக்குள்ளேயே நடந்தது. மாகாணத்தின் வடகோடியில், விசாகப்பட்டினத்திலிருந்து கோதாவரி, கிருஷ்ணை வரை நீண்ட சர்க்கார் மாவட்டங்களில் பச்சரிசிதான் வழக்கம். வீட்டில் குத்தியவரை பாதகமில்லை. அரவை மில் வந்து வெள்ளையாகத் தீட்டிக் கொடுத்ததும் பெரிபெரி அங்கே குடியேறியது. தெற்கே தமிழ் மாவட்டங்களிலும் அதே மில்தான் வந்தது. ஆனால் மில்லுக்குப் போன நெல் அவித்த நெல். மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையில் தொடங்கிய பெரிபெரி விசாரணையும், பிறகு அங்கேயே வளர்ந்த ஊட்டச்சத்து ஆய்வகமும் இந்த வித்தியாசத்தைத் தோண்டித் துருவின. 1935இல் அந்த ஆய்வகத்தின் பொறுப்பேற்ற அய்க்ராய்டும் அவருடைய சகாக்களும் 1940இல் இந்தியாவின் அரிசிப் பிரச்சினை பற்றி ஒரு முழு அறிக்கையே எழுதினார்கள். அந்தக் குன்னூர் ஆய்வகம்தான் 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

புழுங்கலரிசியைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவதற்கும் அதே குன்னூர் தடை சொல்கிறது. இந்தியாவின் ஏழு பகுதிகளின் சாப்பாட்டை ஏழு எலிக்கூட்டங்களுக்கு மெக்கரிசன் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்ற சீக்கிய உணவைத் தின்ற எலிகளின் சராசரி எடை 235 கிராம். சென்னைச் சாப்பாடு தின்றவை 155. ஏழில் கடைசி. மனிதன் எலியல்ல, அந்தந்த மாநிலத்தில் எல்லாரும் ஒரே சாப்பாடு சாப்பிடுவதும் இல்லை; இந்தத் தரவரிசையைப் போர்வீர இனம், போர்வீரமற்ற இனம் என்ற காலனிய அளவுகோலுக்குச் சாட்சியாக நீட்டியவர்களும் உண்டு. ஆனாலும் அடிப்படைக் குறை உண்மை. பெரும்பங்கு சோறு, துளி பால், சொற்பக் காய் என்று இருந்த தட்டில் பெரிபெரி வராவிட்டாலும் வேறு வந்தது. 1936இல் அய்க்ராய்டும் அவருடைய சகா கிருஷ்ணனும் தென்னிந்தியக் குழந்தைகளின் கடைவாயிலும் நாக்கிலும் கண்ட புண்ணை ஆராய்ந்து பி2 போதாமைதான் காரணம் என்றார்கள்; ஈஸ்டும் பாலும் கொடுத்தால் ஆறியது. பி2 பாலிலும் முட்டையிலும் கீரையிலும் இருப்பது. வெயிலில் வைத்த பாலில் அது அழிந்துவிடும்.

மற்ற வைட்டமின்களின் கதையும் ஏதோ ஒரு தானியம் அல்லது ஏதோ ஒரு பழக்கத்தின் கதையாகவே இருக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் மக்காச்சோளத்தை மட்டுமே நம்பிய ஏழைகளின் தோலை உரித்துச் சித்தம் கலங்கவைத்த பெல்லாக்ரா, பி3 இல்லாமையால் வருவது. நம் தக்காணத்தில் வெள்ளைச்சோளம் தின்றவர்களுக்கு அது வந்தபோது ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். பாதம் எரிகிறது என்று வந்தவர்களுக்கு பி5 கொடுத்துத் தேற்றியதை 1946இல் எழுதியவரும் அவரே.

முதல் உலகப் போரில் குட் முற்றுகை ஒரு வினோதம். 1915 டிசம்பரிலிருந்து 1916 ஏப்ரல்வரை டைகிரிஸ் கரையில் துருக்கியர் வளைத்த ஊருக்குள் பிரிட்டிஷ் படையும் இந்தியப் படையும் சேர்ந்து பட்டினி கிடந்தன. வெள்ளை மாவு ரொட்டியும் டின் இறைச்சியும் தின்ற வெள்ளைச் சிப்பாய்க்குப் பெரிபெரி. வெள்ளை மாவு தீர்ந்து இந்தியச் சிப்பாயின் ஆட்டாவிலும் பார்லியிலும் பங்கு வாங்கியதும் அது மறைந்தது. இந்தியச் சிப்பாய்க்கு ஆட்டா இருந்ததால் பெரிபெரி இல்லை. குதிரை இறைச்சியைப் பெரும்பாலோர் தொடவில்லை, பச்சைக் காய் கிடைக்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஈறு வீங்கி, பல் ஆடி, ஸ்கர்வியில் படுத்தார்கள். ஒரே ஊர், ஒரே பட்டினி, ஆளுக்கொரு வைட்டமின் குறை. லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக்கும் கூட இருந்த பெண் ஆய்வாளர்களும் அந்தப் போர்க்காலத்திலேயே ஒரு வழி கண்டார்கள். காய்ந்த பயறில் வைட்டமின் சி கிடையாது. ஊறவைத்து முளை கட்டினால் புதிதாக உண்டாகிறது. காய்கறி போகாத இடத்துக்கும் மூட்டையில் பயறு போகும்.

சி என்றதும் நம்மவர்க்கு நெல்லிக்காய்தான். பழைய அட்டவணை நூறு கிராம் நெல்லிக்கு 600 மில்லிகிராம் என்றது. 2017இல் வந்த புதிய அட்டவணை சுமார் 250 என்கிறது. பாதிக்கும் குறைவாக இறங்கியும், கொய்யாவும் முருங்கைக்கீரையும் தவிர அதன் பக்கத்தில் நிற்பவை அதிகமில்லை. ஆரஞ்சு வெகு பின்னால். கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் பாதிச் சத்து சாக்கடைக்குப் போகும். கொதிக்கக் கொதிக்க சி அழியவும் செய்யும்.

பி9 ஆன ஃபோலிக் அமிலத்தில் குன்னூர் மீண்டும் தலைகாட்டுகிறது. ரத்தசோகையில் கர்ப்பிணிகள் ஏன் சாகிறார்கள் என்று தேடி வந்த ஆங்கிலப் பெண் மருத்துவர் லூசி வில்ஸ் குன்னூரிலும் பணியாற்றினார். பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்களிடம் மலிவான ஈஸ்ட் சாறு பலித்ததை 1931இல் வெளியிட்டார். அந்தச் சாற்றுக்குள் இருந்ததை 1945இல் செயற்கையாக ஆக்கிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கீரையும் பருப்பும் கொடுக்கும் இந்த வைட்டமினைக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே எடுத்தால் குழந்தையின் தண்டுவடக் கோளாறைப் பெருமளவு தடுக்கலாம் என்பது 1991இல் உறுதியாயிற்று. பி12 மட்டும் எந்தச் செடியிலும் இல்லை. பால், முட்டை, மீன், இறைச்சி. அவ்வளவுதான் நம்பகமான வழி. பழைய சோற்றில் அது குவிந்துகிடப்பதாகச் சுற்றும் செய்திகளை நம்பிச் சைவ உணவுக்காரர்கள், அதிலும் பாலைக் குறைத்துவிட்ட முதியவர்கள், சும்மா இருந்துவிடக்கூடாது. பழைய சோற்றுக்கு வேறு பெருமை இருக்கிறது: வடிக்காமல், ஊறிய தண்ணீரையும் சேர்த்தே குடிக்கிறோம்.

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா 1934இல் காந்தியோடு சேர்ந்து அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது, அரிசி மில் அவர்களுடைய முதல் எதிரிகளில் ஒன்று. காந்தி தம் 'ஹரிஜன்' இதழில் தீட்டிய அரிசிக்கு எதிராக மீண்டும் மீண்டும் எழுதினார். சத்தும் போகிறது, குத்துகிறவளின் கூலியும் போகிறது என்பது வாதம். சுதந்திர இந்தியா 1958இல் அரிசி ஆலை ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்து கைக்குத்தலைக் காக்கப் பார்த்தது. பலிக்கவில்லை. பலிக்காததில் எனக்கு வருத்தமும் முழுதாக இல்லை. விடியுமுன் எழுந்து உலக்கை பிடித்தவள் யார், அவளுக்கு அதற்கு மேல் எத்தனை வேலை இருந்தது என்பதைக் கைக்குத்தலின் புகழ் பாடுகிறவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. அவளுடைய தோளிலிருந்து அந்தப் பாரத்தை மில்தான் இறக்கியது. அவித்த நெல்லை மில்லில் போடுவதால் அவள் தோளும் தப்பியது, 0.21உம் தங்கியது.

அந்தச் சமரசம்தான் இப்போது கரைகிறது. நகரத்துக் கடைகளில் புழுங்கலரிசிக்கும் வெள்ளை வேண்டும். மில்காரர் இன்னொரு தடவை பாலிஷ் போடுகிறார். சரிவர ஊறவைக்காமல் ஆவி மட்டும் காட்டும் ஸ்டீம் அரிசி, பச்சரிசியின் தோற்றத்தில் பை பையாக விற்கிறது. ஊறல் குறைந்தால் சத்து உள்ளே இறங்குவதும் குறையும். ஒரு காலத்தில் ஏழைக்கு விதிக்கப்பட்ட தீட்டாத அரிசியை உடற்பயிற்சிக்குப் போகிறவர் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார். காய், பருப்பு, முட்டை வாங்க வசதியுள்ளவருக்கு அரிசி எவ்வளவு வெள்ளை என்பது பெரிய விஷயமில்லை. சோறும் ஊறுகாயுமாகச் சாப்பிடுகிறவருக்குத்தான் அது விஷயம்.

பெரிபெரி முடிந்துபோன கதை என்று நினைப்பதற்கும் இடமில்லை. காஷ்மீரில் கைக்குழந்தைகள் திடீரென மூச்சுத் திணறி, ரத்தத்தில் அமிலம் ஏறி வந்து விழுவதை அங்குள்ள குழந்தை மருத்துவர்கள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பதிவு செய்கிறார்கள். தயமின் ஊசி போட்டால் சில மணி நேரத்தில் குழந்தை தெளிகிறது. தாய் சாப்பிடுவது தீட்டிய வெள்ளரிசி, அதுவும் பலமுறை கழுவி, கஞ்சி வடித்தது. பிள்ளை பெற்றவள் காயும் பருப்பும் தொடக்கூடாது என்ற பத்தியம் வேறு. தாய்ப்பாலில் தயமின் மிகக் குறைவு. ஊசியின் விலை அற்பம். சந்தேகப்படத் தெரிந்த மருத்துவர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதுதான் சிக்கல்.

2021இல் அறிவித்து, பின்னர் ரேஷனிலும் சத்துணவிலும் நாடு முழுதும் கொடுத்த செறிவூட்டிய அரிசியில் சேர்க்கப்பட்டவை இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12. ரத்தசோகையை எதிர்ப்பது நோக்கம், அதற்கு இவை பொருந்தும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி தயமினும் பி2வும் பி3யும் விரும்பினால் சேர்க்கலாம், கட்டாயமில்லை. ஆலை அரிசியிலிருந்து எடுக்கும் முக்கியமான பொருளே, திருப்பிக் கொடுக்கும் பட்டியலில் விருப்பப் பாடமாக இருக்கிறது. பிலிப்பைன்ஸின் பட்டான் மாகாணத்தில் 1948இல் வில்லியம்ஸ் முன்நின்று தயமின் சேர்த்த அரிசியை விநியோகித்தபோது இரண்டே ஆண்டில் பெரிபெரிச் சாவு அடியோடு சரிந்தது. செய்ய முடியாத காரியமல்ல. பச்சரிசியே உணவான வடகிழக்கு, காஷ்மீர், கடலோர ஆந்திரம் போன்ற பகுதிகளுக்குப் போகும் அரிசியிலாவது தயமினைக் கட்டாயமாக்க வேண்டும். தமிழ்நாட்டு ரேஷனில் புழுங்கலரிசியின் பங்கைக் குறைக்கக்கூடாது. கடையில் விற்கும் பையின் மேல் ஊறவைத்து அவித்ததா, ஆவி மட்டும் காட்டியதா, எத்தனை சதவீதம் தீட்டியது என்பதை அச்சிட வைப்பதற்கு அரசாணை ஒன்று போதும்.